யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் தொலைக்காட்சி: அனுமதி எவரிடம், செலவு எதில், சிக்கல் எங்கே

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தனியார் தமிழ்த் தொலைக்காட்சி நடத்துவதற்கு எவரிடம் அனுமதி எடுக்கவேண்டும்? கொழும்புச் சனல்களே தள்ளாடும் காலத்தில் இங்கே ஒன்று நிலைக்குமா?

முதலில் அனுமதி. ஒரு கதவு அல்ல, இரண்டு கதவு தட்டவேண்டும். ஒன்று ஊடகத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர். 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ் தனியார் ஒளிபரப்பு நிலையத்துக்கான அனுமதிப்பத்திரம் அங்கேதான் வருகிறது. மற்றது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த ஆணைக்குழுவை உருவாக்கிய 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் மீடிறனை, அதாவது ஒளிபரப்புக்குரிய அலைவரிசையை, பயன்படுத்தும் உரிமையை அதன் கையில் வைத்திருக்கின்றன. அமைச்சரின் பத்திரம் இருந்து மீடிறன் இல்லையென்றால் அது சட்டகத்தில் போட்டு மாட்டத்தான் உதவும். மீடிறன் இருந்து அமைச்சரின் பத்திரம் காலாவதியானால் நிலையத்தை மூடச் சொல்ல எவராலும் முடியும்.

இதில் அடிப்படையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. 28ஆம் பிரிவு இருக்கும் சட்டம் அரசாங்கம் தன் சொந்தச் சனலை நிறுவ எழுதிய சட்டம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் தனியார் சனல்கள் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தன. சந்தையில் உங்களோடு விளம்பரத்துக்குப் போட்டியிடும் நிறுவனத்தை உருவாக்கிய சட்டமே உங்களுக்கு அனுமதி வழங்கும் சட்டமாகவும் இருக்கிறது. விண்ணப்பத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது, எத்தனை நாளில் பதில் சொல்வது, மறுத்தால் காரணம் எழுதுவதா, இரத்துச் செய்யமுன் விளக்கம் கேட்பதா என்பவற்றை அந்தச் சட்டம் விரிவாகப் பேசவில்லை. கையில் வரும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள்தான் உங்கள் சட்டம். கையெழுத்திடமுன் அதை ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்துக் காலம், புதுப்பித்தல், உரிமை மாற்றம், இரத்து ஆகிய நான்கு இடங்களையும் கோடிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அனுமதியின் ஆயுள் உறுதியில்லாத தொழிலுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்க எந்த வங்கியும் தயங்கும். சனல்கள் அரசியல் செல்வாக்குள்ள முதலாளிகளின் கையில் போய்ச் சேர்வதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

2018இல் ரி.என்.எல். தொலைக்காட்சியின் பொல்கஹவெல ஒளிபரப்பு நிலையத்தை ஆணைக்குழு முத்திரையிட்டது. அனுமதிக் கட்டணம் செலுத்தப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்; அரசியல் பழிவாங்கல் என்பது சனல் தரப்பின் பதில். எது சரியென்றாலும், தொழில் நடத்துபவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: செய்தி பிடிக்காதவர்கள் முதலில் தேடுவது கட்டணப் பற்றுச்சீட்டைத்தான். மீடிறன் கட்டணம், புதுப்பித்தல் விண்ணப்பம், ஆணைக்குழுவுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் திகதி முத்திரையோடு கோப்பில் இருக்கவேண்டும். புதுப்பித்தலைக் காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.

சுயாதீனமான ஒளிபரப்பு ஆணைக்குழு ஒன்று வேண்டும் என்று பேசுவது புதிதல்ல. 1997இல் அரசாங்கம் ஒரு ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் அதை ஆராய்ந்து, அந்த அதிகாரசபைக்கு இருக்கவேண்டிய சுயாதீனம் இல்லை, ஆகவே சட்டமூலம் முழுவதுமே அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை காக்கும் சிந்தனைச் சுதந்திரத்தோடு முரண்படுகிறது என்று தீர்மானித்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இல்லாமல் அது நிறைவேற வழியில்லாமல் போயிற்று. 2023இல் வெளிவந்த இன்னொரு வரைவும் அனுமதியை ஆட்சியாளர் பிடிக்குள் வைக்கிறது என்ற எதிர்ப்பைச் சந்தித்தது. ஒழுங்குபடுத்தலே வேண்டாம் என்பது சரியான பதில் அல்ல. அலைக்கற்றை பொதுச்சொத்து, அதைப் பங்கிட ஒரு கை வேண்டும். அந்தக் கை அமைச்சரின் கையாக இருக்கக்கூடாது, அரச சனலுக்கும் தனியார் சனலுக்கும் ஒரே கோல் பிடிக்கவேண்டும். 1997 தீர்மானம் இந்த நாட்டு ஒளிபரப்பாளர்களுக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான ஆவணம். விண்ணப்பம் போடுபவர் அதை ஒருமுறையாவது முழுதாகப் படிக்கவேண்டும்.

உள்ளடக்க விதிகள் ஒரே இடத்தில் கிடையா. பத்திரிகைப் பேரவைச் சட்டமும் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவும் அச்சு ஊடகத்துக்கானவை. ஒளிபரப்புக்கு அப்படித் தனியான முறைப்பாட்டு மேடை இல்லாததால் சின்னப் பிழைகூட நேராக அமைச்சுக்கோ பொலிசுக்கோ போகிறது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. நட்டஈட்டு வழக்கு நீங்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்குகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது. வடக்கில் நினைவேந்தல், காணி, காணாமலாக்கப்பட்டோர் போராட்டம் என்று அன்றாடம் செய்தி சேகரிக்கும் நிலையத்துக்கு இவை ஏட்டுச் சட்டங்கள் அல்ல. ஒளிபரப்பான அனைத்தையும், விளம்பரம் உட்பட, நேர முத்திரையோடு குறைந்தது மூன்று மாதம் பதிந்து வையுங்கள். எதை ஒளிபரப்பினோம் என்று காட்டமுடியாத நிலையத்துக்காக வாதாட எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது.

உண்மையில் உள்ளூர்ச் சனல்கள் வழுக்கி விழுவது செய்தியில் அல்ல, விளம்பரத்தில். மது, புகையிலை விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. படத்தில் சிகரெட் பிடிக்கும் காட்சி வந்தால் அந்த இடத்தை மங்கலாக்குவதும் அதனால்தான். குழந்தைகளுக்கான பால்மா விளம்பரத்துக்குத் தடை உண்டு. மருந்து விளம்பரத்துக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் ஒப்புதல் தேவை. யாழ்ப்பாணத்தில் அதிகம் வருவன வேறு இரண்டு: வெளிநாட்டு வேலை, பணத்தை இரட்டிப்பாக்கும் திட்டம். வேலை விளம்பரம் கொண்டுவருபவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கான ஒப்புதலையும் எழுத்தில் வாங்காமல் ஒரு விநாடிகூட ஓடவிடாதீர்கள். ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்கள் வங்கித் தொழிற் சட்டத்தின் கீழ் குற்றம். அந்த முப்பது விநாடியை நம்பித் தோட்டத்தை ஈடுவைத்துக் காசு கட்டுபவர் உங்கள் ஊர்க்காரர்.

தேர்தல் காலத்தில் தேர்தல்கள் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல்கள் வரும். வாக்களிப்புக்கு முந்திய 48 மணி அமைதிக்காலம் எல்லோருக்கும் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய நேர்காணல்களை நிகழ்ச்சி அட்டவணையிலிருந்து எடுக்க மறப்பதுதான் வழமையான தவறு. மறுஒளிபரப்புகளைத் தானாக நிரப்பும் மென்பொருளை அந்த இரண்டு நாளும் நிறுத்திவைத்துக் கையால் அட்டவணை போடுங்கள்.

இனிக் கோபுரம். யாழ்ப்பாணத்தின் நிலத்தோற்றம் ஒளிபரப்பாளருக்கு ஒரே சமயத்தில் வரமும் தொல்லையுமாக இருக்கிறது. மலையில்லை, அலை மறைவதற்கு இடமில்லை. ஆனால் உயரத்துக்கு ஏறி நிற்கவும் இடமில்லை. கணக்கு எளிது: ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தையும், வீட்டு அன்ரனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் அலை நேராக எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். வன்னியிலுள்ள கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீட்டர். போரில் 1990இல் அழிந்த பழைய நிலையத்துக்குப் பதிலாக 2011 ஜூனில் திறக்கப்பட்டது. வீட்டில் 10 மீட்டர்க் குழாயில் அன்ரனா கட்டினால் விடை சுமார் 67 கிலோமீட்டர். கொக்காவிலிலிருந்து யாழ் நகரம் நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நகரம் விளிம்புக்கு உள்ளே, பருத்தித்துறை விளிம்பில், காரைநகரும் நெடுந்தீவும் வெளியே. தீவகத்தில் 'படம் மழையாய்ப் பெய்கிறது' என்ற முறைப்பாடு ஏன் ஓயவில்லை என்பதற்கு இந்த ஒரு பெருக்கலே போதும். ஒளிபரப்பியின் வலுவை இரட்டிப்பாக்கினாலும் அங்கே பெரிதாக ஒன்றும் மாறாது. குறை உயரத்தில் இருக்கிறது.

அதே கணக்கை இராமேஸ்வரத்துக்குப் போட்டுப் பாருங்கள். தூரதர்ஷன் கோபுரம் 323 மீட்டர். விடை 87 கிலோமீட்டர். யாழ் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். இடையில் இருப்பது கடல். வெக்கை காலத்து மாலைகளில் கடலின் மேல் வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காக நின்று அலையைக் குழாய்க்குள் கொண்டுபோவதுபோல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடத்தும். ஒரு தலைமுறை இந்தியப் படத்தை அன்ரனாவில் பார்த்தது இப்படித்தான். அதே தன்மை, அதே மீடிறனில் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையத்துக்குத் தொல்லையாகிறது: அனலொக்கில் திரையில் படுக்கைக் கோடுகள் ஓடும், டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இந்தியா தன் அனலொக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டதால் பாரம் குறைந்திருக்கிறது. ஆனால் விடுபட்ட அலைக்கற்றையில் கைத்தொலைபேசிச் சேவைகள் வருகின்றன. மீடிறன் கேட்கும்போது ஒரு தெரிவை மட்டும் எழுதாமல் மூன்று எழுதுங்கள், 700 மெகாஹேர்ட்ஸ் பகுதியைத் தவிருங்கள். அது கைத்தொலைபேசிக்குப் போகும் இடம். இன்று கிடைத்தாலும் நாளை மாறச் சொல்வார்கள், மாறும்போது அன்ரனாவையும் வடிகட்டியையும் புதிதாக வாங்கவேண்டும்.

குடாநாட்டுக்கு மட்டும் என்றால் யாழ் நகருக்கு அருகே 60 மீட்டர்க் கோபுரம் போதும்: எட்டும் தூரம் 45 கிலோமீட்டர், நெடுந்தீவு 40 அளவில். ஒளிபரப்பி ஒரு கிலோவாற் என்றாலும் நல்ல அன்ரனாவோடு குடாநாட்டை மூடும். கோபுரத்துக்குப் பிரதேச சபை, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, பாதுகாப்பு அமைச்சு ஆகியவற்றின் அனுமதி வேண்டும். பலாலி விமான நிலையப் பாதைக்கு நேரே காணி பார்த்துவிட்டு அலையாதீர்கள். அத்திவாரம் போடமுன் மண் சோதனை கட்டாயம். சுண்ணக்கல்லுக்குள் குகைகள் இருக்கும். மேலே பாறைபோல் தெரியும், கீழே வெறுமை. உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும். கல்வனைஸ் பூச்சு, ஒவ்வோர் இணைப்பிலும் நீர்புகா நாடா, ஆண்டுக்கு இருமுறை முறுக்கிப் பார்த்தல் என்பவற்றுக்குச் செலவு சிறிது. செய்யாமல் விட்டால் ஒளிபரப்பியின் பெருக்கிப் பலகை எரியும்.

மின்சாரத்தைச் சனல் தொடங்குபவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒளிபரப்பி, குளிரூட்டி, கலையகம் எல்லாம் சேர்ந்து 15 கிலோவாற் இழுத்தால் மாதத்துக்கு 10,800 அலகு. மின்வெட்டில் ஜெனரேற்றர் மணிக்கு ஐந்து லீற்றர் அளவில் டீசல் குடிக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின் நின்றபோது அப்படிப்பட்ட நிலையத்துக்கு நாளுக்கு அறுபது லீற்றருக்கு மேல் தேவைப்பட்டிருக்கும், அதுவும் டீசலே கிடைக்காத நாட்களில். பார்ப்பவர் வீட்டிலும் அப்போது மின் இல்லை என்பதால் விளம்பரதாரர் பணம் தரமாட்டார். செலவு ஏறி வரவு நிற்கும் இந்த இரட்டை அடியைத் திட்ட அறிக்கையில் எழுதாத சனல் முதல் நெருக்கடியிலேயே படுத்துவிடும்.

அனலொக்கா டிஜிட்டலா என்று கேட்பீர்கள். இலங்கை 2014இல் ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டி.பி.-ரி.யைத் தேர்ந்தது, அதே ஆண்டு ஜப்பானின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்காவோடு சுமார் 13.7 பில்லியன் யென் கடன் ஒப்பந்தமும் ஆயிற்று. பிறகு அந்தத் திட்டம் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. இதன் விளைவு கொடுமையானது: இன்று அனலொக் ஒளிபரப்பி வாங்கினால் அது பழசாகப் போவது நிச்சயம், டிஜிட்டல் வாங்கினால் அதைப் பார்க்க வீட்டில் டிஜிட்டல் பெட்டி இல்லை. வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் மாற்றுப் பலகை போட்டு டிஜிட்டலுக்கு மாற்றக்கூடிய வகையை மட்டும் கேளுங்கள், எந்த முறைக்கு மாறும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஆகவே பெரும்பாலானவர்கள் கேபிள் வழியே போகிறார்கள். கேபிள்காரருக்கும் தனி அனுமதி வேண்டும், மின்கம்பத்தில் கம்பி கட்ட அனுமதியும் வாடகையும் வேண்டும். அவருடைய பத்திரங்களைப் பார்க்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். ஒருநாள் கம்பியை அறுத்தால் உங்கள் சனலும் அதோடு போகும். எந்த இலக்கத்தில் உங்கள் சனல் நிற்கும், அதை மாற்றமுன் எத்தனை நாள் அறிவித்தல், சமிக்ஞை நின்றால் கட்டணக் கழிவு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வரவேண்டும். கேபிள்காரரே சொந்தச் சனலும் வைத்திருந்தால் இலக்கம் மாறுவது சாதாரணம். 12இல் இருந்த சனல் 87க்குப் போனால் பார்வையாளரில் பாதிப்பேர் தேடி வரமாட்டார்கள். டயலொக், பியோ போன்ற நாடளாவிய கட்டணத் தொலைக்காட்சிச் சேவைகளில் இடம்பிடிப்பது கடினம், ஆனால் கொழும்பு விளம்பரதாரர் கண்ணில் படுவது அங்கேதான்.

வருமானத்துக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்து மக்கள்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரம் அளவு. கொழும்பு விளம்பர முகவர்கள் நாடளாவிய தரவரிசையை, அதாவது மாதிரி வீடுகளில் எது எவ்வளவு பார்க்கப்படுகிறது என்ற அளவீட்டை, பார்த்துக் காசு பிரிப்பவர்கள். அந்த அளவீட்டில் தமிழ் வீடுகள் நூறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிகழ்ச்சியை 2 வீதம் பார்த்ததாக அறிக்கை வந்தால், புள்ளியியல்படி உண்மை எண் பூச்சியத்துக்கும் ஏறக்குறைய 5க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஒரு வாரம் ஏறியது, மறுவாரம் இறங்கியது என்று நிகழ்ச்சியை மாற்றுவது காற்றைப் பார்த்து வீடு மாற்றுவதற்குச் சமம். உள்ளூர்க் கடைக்கு விற்கும்போது தரவரிசையைத் தூக்கிப் போகாதீர்கள். விளம்பரத்தில் தனித் தொலைபேசி இலக்கம் போட்டு எத்தனை அழைப்பு வந்தது என்று காட்டுங்கள்.

வரியும் உள்ளூர்க் கடைக்காரரையே அதிகம் தாக்குகிறது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். 2022 ஒக்ரோபரிலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம். பதிவுசெய்த நிறுவனம் ஒரு இலட்சம் ரூபா விளம்பரத்துக்கு இரண்டையும் சேர்த்து எழுதினால் பட்டியல் 1,20,950 ரூபா. கொழும்பு நிறுவனம் பெறுமதி சேர் வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத யாழ் புடவைக்கடை முழுவதையும் கையிலிருந்து கொடுக்கவேண்டும். பதிவுக்கான விற்பனை எல்லைக்குக் கீழே இருக்கும் வரை சிறிய சனல் பட்டியலில் இந்த வரியைச் சேர்ப்பதில்லை, அது ஓர் அனுகூலம், ஆகவே எல்லையை எட்டும் மாதத்தைக் கணக்காளர் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இந்தியத் தொடர்களை வாங்கி ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: உரிமைப் பணம் டொலரில்; அதற்கு மேல், வெளிநாட்டு நாடகம், படம், விளம்பரம் ஆகியவற்றுக்கு 2006இலிருந்து தனி வரி உண்டு. உள்ளூர்த் தயாரிப்பைக் காக்க வந்த வரி, சிங்களத் துறைக்கு அதனால் பயன் உண்டு. தமிழில் அந்த இடத்தை நிரப்ப இங்கே போதுமான தயாரிப்பு வளரவில்லை என்பதுதான் வேதனை. உரிமை வாங்காமல் புதுப்படம் ஓட்டுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம். யூரியூப்பில் அதற்குரிய தண்டனை இன்னும் விரைவானது: 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை வந்தால் பக்கமே போய்விடும்.

இணையம் ஒளிபரப்பாளருக்குப் போட்டியும் துணையும். 3 மெகாபிற் வேகத்தில் 24 மணிநேரமும் அனுப்பினால் நாளுக்கு 32 ஜிபி, மாதத்துக்கு ஒரு ரெறாபைற்றை அண்டும். மாதாந்த எல்லை உள்ள வீட்டு இணைப்பில் அது ஓடாது. நல்லூர்த் திருவிழா போன்ற நேரடி ஒளிபரப்பில் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியே படம் அனுப்பும் 4ஜி முதுகுப்பையை மட்டும் நம்பினால் தேர் அசையும் நேரத்தில்தான் படம் உறையும். அத்தனை பேரும் அதே கோபுரத்தில் தொங்குவார்கள். கம்பிவழி ஃபைபர் முதன்மை, வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் மாற்று என்று வையுங்கள். திருவிழா நேரலை, மரண அறிவித்தல், வெளிநாட்டு உறவுகள் போடும் வாழ்த்து: உள்ளூர்ச் சனலின் அடுப்பு எரிவது இவற்றில்தான். இணையத்தில் போடும் எதுவும் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குள்ளும் வரும். பொய்யான கூற்று எது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அங்கே ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் இருப்பதால், ஒளிபரப்பு அனுமதி வேண்டாம், யூரியூப் போதும் என்பவரும் ஒழுங்குபடுத்தலிலிருந்து தப்பிவிடுவதில்லை.

நிலைக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: ஒளிபரப்பியில் தொடங்கினால் நிலைக்காது, நாலு மணிநேரத் தரமான உள்ளூர் நிகழ்ச்சியில் தொடங்கினால் நிலைக்கும். முதலில் இணையமும் கேபிளும், பிறகு நாடளாவிய சேவை, கோபுரம் கடைசி. ஆனால் அனுமதி விண்ணப்பத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள், அது நகர நாளெடுக்கும். விண்ணப்பம் போட்டபின் அமைச்சிடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கோரிக்கை கொடுங்கள்: வட மாகாணத்தில் வழங்கப்பட்ட தொலைக்காட்சி மீடிறன்கள் எவை, அவற்றில் ஒளிபரப்பு நடக்காதவை எவை, உங்கள் கோப்பு எந்தத் திகதியில் எந்த அலுவலரிடம் போனது. 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.